ஊருக்கு வந்த பஸ் ஏன் நின்றது, யார் நிறுத்தினார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனு எழுதிக் கொடுப்பது இப்போது என் பொழுதுபோக்கு, பல நாள் அதுவே முழுநேர வேலை. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதலுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வருவது பஸ் மனுதான். எல்லா ஊர்க்காரர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் டீ ஆறும்வரை பேசுவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எங்க ஊர் பஸ்ஸை நிறுத்திட்டாங்க. நிறுத்தச் சொன்னது யாரு?

முதலில் அது யார் பஸ் என்று சொல்லுங்கள். அரசு பஸ்ஸா, தனியார் பஸ்ஸா, மினி பஸ்ஸா? மூன்றுக்கும் பாதை வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு எழுதினால் அது ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

காசு வாங்கி, ஆள் ஏற்றி இறக்கி, குறிப்பிட்ட வழியில் ஓடும் எந்த பஸ்ஸுக்கும் பெர்மிட் வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி அதைக் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து அதிகாரம். நம் மாநிலத்தில் மாவட்ட அளவில் அந்த நாற்காலி கலெக்டருடையது. அன்றாட வேலையைப் பார்ப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலரான ஆர்.டி.ஓ. மதுரையில் தெற்கு, வடக்கு, மத்தி என்று மூன்று ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிறது. டி.என். 58, 59, 64 என்று வண்டி நம்பரில் பார்க்கிறோமே, அவைதான். இவர்களுக்கு மேலே சென்னையில் போக்குவரத்து ஆணையரும் மாநிலப் போக்குவரத்து அதிகாரமும்.

ஒரு பஸ் ஓடலாமா என்பதை முடிவு செய்வது இந்த அமைப்புதான். ஆனால் ஓடிக்கொண்டிருந்த பஸ் நின்றுபோவதைப் பெரும்பாலும் இவர்கள் முடிவு செய்வதில்லை. அங்கேதான் எல்லாரும் ஏமாந்து போகிறோம்.

அப்படியானால் அரசு பஸ்ஸை நிறுத்துவது யார்?

டிப்போ. அதாவது போக்குவரத்துக் கழகத்தின் கிளை.

நான் பார்த்த அளவில் கிராமத்து பஸ் ஒன்று உத்தரவு போட்டு நின்றது அபூர்வம். மதிய நடை, அதாவது மதிய டிரிப், முதலில் போகும். "இன்னைக்கு வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குது" என்பார்கள். அடுத்த மாதம் ஞாயிறு நடை போகும். பிறகு ஊருக்குள் வராமல், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கிலேயே திருப்பிக்கொண்டு போவார்கள். ராத்திரி நடை வாரத்துக்கு மூன்று நாள் வரும், அப்புறம் ஒரு நாள், அப்புறம் அதுவும் இல்லை. கேட்டால் "நிறுத்தலையே, தற்காலிகமா இயக்கலை" என்று பதில் வரும். காகிதத்தில் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

நிறுத்தியதாக ஓர் உத்தரவு இருந்தால் அதை எதிர்த்து மேலே போகலாம். உத்தரவே இல்லாவிட்டால் எதை எதிர்ப்பது? அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: பஸ் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், பஸ் வரவில்லை என்பதை அவர்கள் வாயால் எழுத்தில் சொல்ல வையுங்கள்.

டிப்போவில் எந்தக் கணக்கைப் பார்த்து ஒரு நடையை வெட்டுகிறார்கள்?

கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் வசூல் என்ற கணக்கு. கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷின் ஒவ்வொரு நடைக்கும் தனித்தனியாக இதைச் சொல்லிவிடும். மாதக் கடைசியில் வரிசையாக அடுக்கினால் அடியில் நிற்பவை எப்போதும் கிராமத்து மதிய நடைகளும் கடைசி நடைகளும்தான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். உசிலம்பட்டியிலிருந்து உங்கள் ஊர் 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ஓடும் வண்டி. ஒரு பக்கம் போக 3.6 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் டீசலுக்கு மட்டும் 331 ரூபாய். டிரைவர், கண்டக்டர் சம்பளம், டயர், பராமரிப்பு எல்லாம் அதற்கு மேலே. வண்டியில் ஏழு பேர் இருந்தால் டீசல் காசுகூட வராது. அந்த ஏழு பேரில் ஒருவர் டயாலிசிஸுக்குப் போகிறார், இன்னொருவர் மல்லிகைப் பூ மூட்டையோடு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகிறார் என்பதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது.

கட்டணத்தை உயர்த்தி இதைச் சரிசெய்யும் அதிகாரம் டிப்போவுக்கும் கிடையாது, கலெக்டருக்கும் கிடையாது. பஸ் கட்டணத்தை அதே சட்டத்தின் 67-ஆவது பிரிவின்படி மாநில அரசு நிர்ணயிக்கிறது. 2018 ஜனவரியில் ஒரு பெரிய உயர்வு வந்தது. அதன் பிறகு டீசல் எங்கோ போய்விட்டது, டிக்கெட் வருஷக்கணக்கில் அங்கேயே நின்றது. அப்படி நின்றது மக்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்த இடைவெளியை யாராவது சுமக்க வேண்டுமே. அரசு ஒரு பங்கைச் சுமக்கிறது, மிச்சத்தை உங்கள் ஊர் மதிய நடை சுமக்கிறது.

பொம்பளைகளுக்கு ஓசி விட்டதால்தான் பஸ் நின்றுபோச்சு என்கிறார்களே?

டீக்கடையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. அவ்வளவு நேரான விஷயம் இல்லை இது.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தப் பணத்தை அரசு கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. 2025–26 பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கியது 3,600 கோடி ரூபாய். ஆக, பெண்கள் ஏறினால் நஷ்டம் என்பது பாதி உண்மைகூட இல்லை.

ஆனால் இதற்குள் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. பெண்களுக்கும் கட்டணமில்லா டிக்கெட் என்று ஒரு சீட்டு தரப்படுகிறது. அந்தச் சீட்டு மெஷினில் ஏறினால்தான் நீங்கள் பயணம் செய்ததாகக் கணக்கு. "பக்கத்து ஊர்தானே, இறங்கப் போறேன்" என்று வாங்காமல் விட்டால் கணக்கில் அந்த இருக்கை காலி. பாஸ் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களுக்கு நடைக்கு நடை டிக்கெட் கிடையாது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரும் காலை 8 மணி வண்டிகூட டிக்கெட் எண்ணிக்கையில் ஒல்லியாகத் தெரியலாம். எங்கள் ஊர்ப் பெண்கள் இப்போது கேட்டு வாங்குகிறார்கள். "சீட்டைக் குடுப்பா, எங்க பஸ்ஸை நிறுத்துறதுக்கா?" என்று ஒரு அப்பத்தா கண்டக்டரிடம் சண்டைக்கே போனார்.

"டிரைவர் இல்லை, வண்டி இல்லை" என்பது உண்மையா, சாக்கா?

இரண்டும்.

ஓய்வு பெற்றவர்கள் இடத்துக்கு ஆள் எடுக்கப் பல வருஷம் ஆகும்போது, இருக்கிற டிரைவரை எந்த வண்டிக்கு அனுப்புவது என்ற கேள்வி வரும். கூட்டம் உள்ள வழித்தடத்துக்குத்தான் அனுப்புவார்கள். 15 வருஷம் ஆன அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று மத்திய அரசு போட்ட விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. போக்குவரத்துக் கழக பஸ்களும் அதில் அடக்கம். கிராமத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் கிழட்டு வண்டிகளைத்தான் என்பதால் அடி முதலில் நம் பக்கம் விழுந்தது.

சித்திரைத் திருவிழா, தீபாவளி, பொங்கல் வந்தால் சிறப்புப் பேருந்து விடுவார்கள். அந்த வண்டி புதிதாகப் பிறந்து வருவதில்லை. எங்கிருந்தோ எடுக்கப்பட்டதுதான். திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகியும் உங்கள் நடை திரும்பவில்லை என்றால் அப்போதே கேளுங்கள். ஒரு மாதம் விட்டால் "இந்த நடைக்குக் கோரிக்கையே இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

நைட் ஹால்ட் வண்டி நின்றுபோனது எதனால்?

பல ஊரில் நம்மால்தான். கோபப்படாமல் கேளுங்கள்.

ராத்திரி வந்து ஊரில் தங்கி, விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்படும் வண்டியைப்போல ஓர் ஊருக்கு வரம் வேறில்லை. பால், பூ, காய்கறி, கூலி வேலை எல்லாம் அதை நம்பித்தான். ஆனால் அதில் வரும் டிரைவரும் கண்டக்டரும் எங்கே படுப்பார்கள்? ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கொசுக்கடியில் சீட்டில் சுருண்டுகிடப்பார்கள். கழிப்பறை கிடையாது. போதாததற்கு ராத்திரி குடித்துவிட்டு வந்து "எங்க ஊருக்குள்ள ஹாரன் அடிக்கிறியா" என்று வம்பு. அந்த வழித்தடத்துக்குப் பணி போட்டாலே லீவு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே பக்கத்து ஊரில் சாவடியை ஒட்டி ஓர் அறை, ஒரு ஃபேன், ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள். அந்த வண்டி இன்றைக்கும் நிற்கிறது.

தனியார் பஸ்காரர் கடைசி நடையை ஓட்டுவதே இல்லை. அவர் இஷ்டமா?

இல்லை. இங்கே சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அரசு பஸ் விஷயத்தைவிடத் தெளிவாகவே இருக்கிறது.

பெர்மிட் கொடுக்கும்போதே 72-ஆவது பிரிவின்கீழ் நிபந்தனை போடலாம்: ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை நடை, அதிகபட்சம் எத்தனை, எந்த நேரம், நேரம் எவ்வளவு முன்பின் ஆகலாம், ஒப்புதல் பெற்ற கால அட்டவணையை வண்டியிலும் நிறுத்தத்திலும் ஒட்ட வேண்டும் என்பதெல்லாம். கூட்டம் வரும் எட்டரை மணி நடையை மட்டும் ஓட்டிவிட்டு ராத்திரி ஒன்பது மணி நடையை விழுங்கினால் அது நிபந்தனை மீறல். மீறினாலோ, சரியான காரணம் இல்லாமல் பெர்மிட் வாங்கிய வேலைக்கு வண்டியை ஓட்டாவிட்டாலோ 86-ஆவது பிரிவின்படி பெர்மிட்டை ரத்து செய்யலாம், கொஞ்ச நாளைக்கு நிறுத்தியும் வைக்கலாம். அதற்கு முன்னால் பஸ் முதலாளிக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும்.

நடைமுறையில் ரத்து வரை போவது அரிது. ரத்துக்குப் பதிலாக ஒரு தொகையைக் கட்டிவிட்டு முதலாளி தப்பிக்கவும் அதே பிரிவு வழி விடுகிறது. நான் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பெர்மிட்டை ரத்து செய்தால் ஓடிக்கொண்டிருந்த மிச்ச நடையும் போய்விடுமே. நோட்டீஸ் கிடைத்த அடுத்த வாரம் ஒன்பது மணி நடை தானாக வந்து நிற்பதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

பெர்மிட் புதுப்பிக்கும்போது ஆட்சேபணை சொல்லலாமா?

பெர்மிட் ஐந்து வருஷத்துக்குத் தருவார்கள். முடிவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னால் புதுப்பிக்க மனுப் போட வேண்டும். மறுப்பதற்கு 81-ஆவது பிரிவில் சொல்லியிருக்கும் காரணங்கள் கொஞ்சம்தான்: முதலாளி கடனில் மூழ்கி திவாலானது, வரி கட்டாமல் அல்லது அனுமதி இல்லாத வழியில் ஓட்டி ஒரே வருஷத்துக்குள் இரண்டு தடவையோ அதற்கு மேலோ தண்டனை வாங்கியது போன்றவை. "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது காரணம் ஆகாது. ஆனால் நடை விழுங்கியதற்கு நீங்கள் முன்பே கொடுத்த புகார்கள் கோப்பில் இருந்தால், புதுப்பிக்கும் நேரம் முதலாளி இறங்கி வருவார். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

அரசு பஸ்ஸும் வரவில்லை, தனியாருக்கும் அந்த ரூட்டில் பெர்மிட் கிடையாதாம். இது என்ன நியாயம்?

இதற்குப் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மதுரையில் பஸ் என்றால் ஒரு காலத்தில் டி.வி.எஸ். 1912-இல் சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய பஸ் சர்வீஸ். அந்த பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம் என்று என் தாத்தா சொல்வார். பேரன்களுக்குச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பார், போகட்டும். அந்த பஸ்கள் நாட்டுடைமை ஆகி 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-இல் விருதுநகரில் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டிக் கலவரம் வெடித்தபோது எல்லாக் கழகத்துக்கும் தலைவர்கள், மன்னர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். பாண்டியனும் போனார், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆயிற்று.

நாட்டுடைமை என்பது வண்டியோடு நிற்பதில்லை. வழித்தடத்தையும் அரசுக்கென்று ஒதுக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் அதற்குத்தான். அரசு ஒரு வரைவுத் திட்டத்தை அரசிதழில் வெளியிடும். 30 நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். விசாரித்து ஒப்புதல் கொடுத்துவிட்டால் அந்த வழித்தடத்தில் திட்டத்துக்கு மாறாக யாருக்கும் பெர்மிட் கொடுக்க முடியாது. மற்ற இடத்தில் 80-ஆவது பிரிவு "சாதாரணமாக மறுக்கக் கூடாது" என்று தாராளமாகத்தான் சொல்கிறது. புதிதாக ஒருவர் பெர்மிட் கேட்பதை ஏற்கெனவே ஓட்டுகிறவர் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் மிதிலேஷ் கார்க் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தாராளம் ஒதுக்கப்பட்ட வழித்தடத்தின் வாசலோடு நின்றுவிடும்.

ஆனால் 104-ஆவது பிரிவிலேயே ஒரு திட்டிவாசல் இருக்கிறது. ஒதுக்கிய வழித்தடத்துக்கு அரசுக் கழகம் பெர்மிட்டே கேட்கவில்லை என்றால், அது கேட்டு வாங்கும்வரை மற்றவருக்குத் தற்காலிக பெர்மிட் கொடுக்கலாம். கழகம் பெர்மிட் வாங்கிவிட்டு ஓட்டாமல் வைத்திருந்தால் இந்த வாசல் திறக்காது. மறுபடியும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறோம் பாருங்கள்: காகிதத்தில் ஓடுகிறதா, ரோட்டில் ஓடுகிறதா?

மினி பஸ் கேட்கலாமா?

கேளுங்கள். 2025 மே 1 முதல் புதிய மினி பஸ் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் 65 சதவீதமாவது இதுவரை பஸ் போகாத தூரமாக இருக்க வேண்டும். வழித்தடத்தை ஆர்.டி.ஓ. அலுவலகம் முடிவு செய்து அறிவிக்கும், மனுப் போடுகிறவருக்கு பெர்மிட் கிடைக்கும். ரோட்டின் அகலம், பாலம், திருப்பும் இடம் எல்லாவற்றையும் நேரில் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள்.

ஒரு பொறி உண்டு. வராத அரசு பஸ் உங்கள் ஊர் வரை ஓடுவதாகப் பதிவில் இருந்தால், அந்தத் தூரம் பஸ் உள்ள தூரம் என்றே கருதப்படும் ஆபத்து இருக்கிறது. அதனால் மினி பஸ் மனுவோடு சேர்த்து, அந்த பஸ் வருவதில்லை என்ற அத்தாட்சியையும் வையுங்கள்.

ஷேர் ஆட்டோ ஓடுகிறதே, அது போதாதா?

ஓடுகிறது. நிறைந்தால் எடுப்பார்கள், நிறையாவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும். மழை நாளில் கிடையாது. தனியாக வரும் பெண்பிள்ளைக்கு ராத்திரி அது பஸ் ஆகுமா?

ரயிலை நிறுத்தினால் யாரிடம் போவது?

ரயிலில் பெர்மிட் என்ற பேச்சே இல்லை. ஓட்டுவதும் அவர்கள், முடிவு செய்வதும் அவர்கள். ரயில்வே வாரியமும் தெற்கு ரயில்வேயும்தான். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் என்று ஒருவர் வெளியிலிருந்து வருவார். ஆனால் அவர் பார்ப்பது தண்டவாளம் பத்திரமா என்பதை. உங்கள் ஊருக்கு ரயில் தேவையா என்பது அவர் வேலை இல்லை.

எங்கள் பக்கத்துக்கு போடி ரயில் ஒரு பாடம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, தேனி வழியாகப் போடிக்குப் போகும், 1928-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய், போர் முடிந்து வெகுநாள் கழித்துத் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியோடு அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தினார்கள். "வேலை முடிஞ்சதும் வந்திரும்" என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் 15. அன்றைக்கு உசிலம்பட்டி ஸ்டேஷனில் ரயிலை வேடிக்கை பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேர் அது நின்றபோது பிறக்கவே இல்லை. "தற்காலிகமாக" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குவது அதனால்தான்.

மதுரைக் கோட்டத்தில் ரயில் பயனாளர் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. எம்.பி. மூலமாகவும் அந்தக் குழு மூலமாகவும் கேட்கலாம். ஆலோசனைதான் சொல்வார்கள், உத்தரவு போட முடியாது.

வெளிநாட்டில் எப்படி? அங்கேயும் இப்படித்தான் சத்தமில்லாமல் நிற்குமா?

பிரிட்டனில் ஒரு பயணிகள் ரயில் பாதையை மூடவேண்டும் என்றால் 2005-ஆம் வருஷத்து ரயில்வே சட்டப்படி முன்மொழிவை வெளியிட வேண்டும், குறைந்தது 12 வாரம் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், மூடுவதால் யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று மதிப்பிட வேண்டும். பிறகு ரயில் சேவைக்கென்று தனியாக உள்ள ஒழுங்காற்று அமைப்பு சரி என்றால்தான் மூடலாம். எழுத்தில் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

மனிதர்கள் எங்கேயும் மனிதர்கள்தான். அந்த நடைமுறைக்குப் பயந்து, மூடாமலேயே வாரத்துக்கு ஒரே ஒரு ரயிலை, அதுவும் ஆள் ஏற முடியாத நேரத்தில் ஓட்டிக் கணக்குக் காட்டும் பழக்கம் அங்கே உண்டு. அதற்கு "பாராளுமன்ற ரயில்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். நம் ஊர் விலக்கோடு திரும்பும் பஸ்ஸுக்கு அண்ணன் முறை.

ஐகோர்ட் கிளையில் கேஸ் போட்டால் பஸ் வந்துவிடுமா?

2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்ததிலிருந்து இது எளிதாகிவிட்டது, முன்பு சென்னைக்கு ஓட வேண்டும். ஆனால் எந்த வழியில் எத்தனை பஸ் ஓட்டுவது என்பது நிர்வாகத்தின் முடிவு என்று நீதிமன்றம் பொதுவாக ஒதுங்கிக்கொள்ளும். வழக்கமாகக் கிடைப்பது "மனுதாரர் கொடுத்த மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்ற உத்தரவு. அதுவே பெரிய விஷயம், அப்போதுதான் எழுத்தில் ஒரு முடிவு பிறக்கும். ஆனால் அதற்கு முதலில் நீங்கள் மனுக் கொடுத்திருக்க வேண்டும், ரசீது கையில் இருக்க வேண்டும்.

பெர்மிட் சம்பந்தப்பட்ட உத்தரவுகளுக்கு அப்பீல் வேறு இடம். சென்னையில் உள்ள மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அங்கே பெரும்பாலும் பஸ் முதலாளிகள்தான் போவார்கள்.

சரி, மனுவில் என்ன எழுதுவது?

"எங்கள் ஊர் மக்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள், ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்" என்று எழுதாதீர்கள். ஒரே நாளில் அப்படி நூறு மனு வரும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். டீக்கடையில் ஒரு ஆணியில் தொங்க விடுங்கள். தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், வண்டி நம்பர், ஏறியவர் எத்தனை பேர், அதில் பெண்கள், பிள்ளைகள் எத்தனை, ஊருக்குள் வந்ததா, விலக்கோடு திரும்பியதா என்று கட்டம் போடுங்கள். டீக்கடைக்காரர் எழுதலாம், பள்ளிக்கூடத்துப் பையன் எழுதலாம். ஒரு நாளும் விடாமல் இரண்டு மாதம். வராத நாளில் "வரவில்லை" என்று எழுத வேண்டும், காலியாக விடக் கூடாது.

நாங்கள் முதல் முறை இதைச் செய்யவில்லை. நேராக டிப்போவுக்குப் போய் நின்றோம். பெயர் வேண்டாம். அங்கிருந்த அலுவலர் ஒரு பதிவேட்டைத் திறந்து, "போன மாசம் 26 நாள் ஓடியிருக்கே" என்றார். எங்களிடம் இருந்தது கோபம் மட்டும்தான், தேதி ஒன்றுகூட இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தோம். இரண்டு மாதம் கழித்து நோட்டோடு போனபோது அதே ஆள் நாற்காலி போடச் சொன்னார்.

மனுவில் வழித்தட எண், நடை நேரம், நோட்டின் சுருக்கம், அந்த நடையை நம்பியிருப்பவர்களின் எண்ணிக்கை ஆகியவை வரட்டும். இத்தனை மாணவர், இத்தனை பூ விவசாயி, மாதம் இத்தனை பேர் பெரியாஸ்பத்திரிக்கு. "கூடுதல் பஸ்" என்று கேட்காமல் "அட்டவணைப்படி உள்ள நடையை இயக்குங்கள்" என்று கேளுங்கள். கூடுதல் என்றால் வண்டி இல்லை என்பார்கள். உள்ளதைக் கேட்டால் அந்தப் பதில் செல்லாது. மதிய நடை கிடைக்காது என்று தெரிந்தால் அதை விட்டுக்கொடுத்து ராத்திரி நடையைக் கேளுங்கள். டிப்போக்காரரும் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான்.

மனுவை யாரிடம் கொடுப்பது?

அரசு பஸ் என்றால் கிளை மேலாளருக்கும் மண்டலப் பொது மேலாளருக்கும். தனியார், மினி பஸ் என்றால் ஆர்.டி.ஓ.வுக்கு. எதுவானாலும் நகல் ஒன்றைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். முதலமைச்சர் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்தும் பதியலாம். கிராம சபையில் தீர்மானம் போட்டு இணைத்தால் எடை கூடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்கலாம்?

பத்து ரூபாய் செலவில் இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. "ஏன் பஸ் விடவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இந்த வழித்தடத்துக்கு ஒப்புதல் பெற்ற கால அட்டவணை நகல். கடந்த மூன்று மாதத்தில் தேதிவாரியாக இயக்கிய, இயக்காத நடைகள். இயக்காத நடைக்குப் பதிவான காரணம். நடைவாரியாக வசூலும் கட்டணமில்லா டிக்கெட் எண்ணிக்கையும். நடையைக் குறைக்க ஒப்புதல் தந்த உத்தரவு இருந்தால் அதன் நகல்.

30 நாளுக்குள் பதில் வர வேண்டும். கடைசிக் கேள்விக்கு எனக்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை ஒரே வரி: "அவ்வாறான உத்தரவு ஏதும் இல்லை." அந்த ஒரு வரியை லேமினேட் செய்து வையுங்கள். உத்தரவு இல்லாமல் நின்ற பஸ்ஸைத் திரும்ப ஓட்டவும் உத்தரவு தேவையில்லை அல்லவா?

உங்கள் ஊர் ராத்திரி பஸ் கடைசியில் வந்ததா?

வந்தது. விலக்கோடு திரும்பிக்கொண்டிருந்தது, இப்போது மந்தை வரை வருகிறது. வாரத்துக்கு ஆறு நாள். நோட்டு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது, மூன்றாவது நோட்டு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டும் "வரவில்லை" என்று எழுதிக்கொண்டே இருக்கிறார் டீக்கடைக்காரர். அதற்கான மனுவைப் போன திங்கள் கொடுத்தாயிற்று.